ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு

முதலில் போனது அந்தச் சத்தம். 2020-இல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை நிறுத்திவிட்டார்கள் என்று தம்பி போனில் சொன்னபோது, "அப்ப ராத்திரியில கேக்குமே, அந்த ஊங்கற சத்தம்?" என்றுதான் கேட்டேன். "அது நின்னுபோச்சுக்கா" என்றான். சோவியத் நாட்டின் உதவியோடு கட்டி, 1962-இல் ஓடத் தொடங்கிய நிலையம். காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும் இரவுகளில் வடக்குத்து வரைக்கும் அதன் இரைச்சல் வரும். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததும், பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ததும், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விடிய விடியக் கண்விழித்ததும் அந்த இரைச்சலுக்குள்தான். இப்போது நான் இருப்பது ஜெர்மனியில், டூரன் என்கிற ஊரில். இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். சாத்திவிட்டால் ஓர் ஓசையும் உள்ளே வராது. தூக்கமும் வருவதில்லை.

வடக்குத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் ஏறி, பண்ருட்டியைத் தாண்டி, பலா மரமும் முந்திரித் தோப்புமாகக் கொஞ்ச தூரம் வந்தால், செம்மண் பறக்கிற ஓரிடத்தில் கண்டக்டர் "ஆர்ச் கேட், ஆர்ச் கேட்" என்று குரல் கொடுப்பார். வலப்பக்கம் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் போகிற வளைவு. அதற்குள்ளே நூல் பிடித்தாற்போல் சாலைகள், சாலை நெடுக மர நிழல், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ் வீடுகள், போகவே போகாத கரண்ட். சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் சுற்றுவட்டாரத்து மண்ணுக்கு அடியிலிருந்து வெட்டிய கரியில் பிறந்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் எங்கெங்கோ போகும். கீழே நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பரீட்சைக் காலத்தில் ஆர்ச்சின் அருகே எரியும் சாலை விளக்கடியில் சாக்கு விரித்துப் படிக்கும் பிள்ளைகளை அந்நாளில் அங்கே பார்க்கலாம். நானும் அப்படிப் படித்தவள்.

நெய்வேலியின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்ததும், 1956-இல் நிறுவனம் அமைந்ததும், அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்ததும் எங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகத்திலேயே வரும். அதில் நான் கிணறு வெட்டுகிற கூலிப் பெண். ஆனால் அந்தக் கதையில் ஊரார் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. வீடு கட்டிய கையோடு நிறுவனம் பள்ளிக்கூடங்களையும் கட்டியது. தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் மேல்நிலைப்பள்ளி என்று. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டியவைதான். இருந்தாலும் அந்தக் கதவுகள் எங்களைப் போல ஆர்ச்சுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்கும் அன்று திறந்துதான் இருந்தன.

என் அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா வீட்டிலேயே முந்திரி உடைப்பார். பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கைகளை விளக்க வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் கறுத்து உரிந்திருக்கும். என் மதிப்பெண் அட்டையில் அம்மா கைநாட்டு வைத்தால் ரேகை விழாது. மை மட்டும் ஒரு திட்டாக இருக்கும். வகுப்பு டீச்சர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைச் சற்றுச் சிறியதாகப் போட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பாகவே இருக்கட்டும்.

நான் ஏங்குவது அந்தப் பெஞ்சுக்காக.

மூன்று பேர் உட்காரும் மர பெஞ்சு. சுவர் ஓரத்தில் பங்களா வீட்டுப் பெண். அவள் அப்பா அனல்மின் நிலையத்தில் பெரிய பொறியாளர். நடுவில் குவார்ட்டர்ஸ் பெண். அவள் அப்பா சுரங்கத்தில் சக்கர வாளி எந்திரம் ஓட்டுபவர். ஓரத்தில் நான். மூவருக்கும் ஒரே தமிழ்வழிப் பாடநூல், ஒரே தாவணி, ஒரே அடி. பங்களா வீட்டுப் பெண் தயிர்சாதத்துக்கு மாவடு கொண்டுவருவாள். நான் பலாக்கொட்டைக் குழம்பு கொண்டுபோவேன். நடுவில் இருப்பவள் இரண்டு டப்பாவிலிருந்தும் எடுத்துக்கொள்வாள். இயற்பியல் எனக்குப் புரியாதபோது சுவர் ஓரத்துப் பெண் சொல்லித்தருவாள். தமிழில் அவளுக்குத் தடுமாறும் இடத்தில் நான் சொல்லித்தருவேன். எங்கள் அப்பாக்கள் மூவரும் ஒரே பள்ளத்தின் மூன்று ஓரங்களில் வேலை செய்கிறார்கள் என்பதும், என் அப்பாவின் கூலி சுவர் ஓரத்துப் பெண்ணின் அப்பா வாங்கும் சம்பளத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாதா என்ன, தெரியும். தெரிந்தும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அது ஒரு பொருட்டாக இல்லாமல் போகிற ஏதோ ஒன்று அந்த வகுப்பறையில் இருந்தது. காற்றில் இருந்ததா, அந்த ஆசிரியர்களிடம் இருந்ததா, அந்தக் காலத்திலேயே இருந்ததா... சொல்லத் தெரியவில்லை. இப்போது இல்லை. அது தெரிகிறது.

காலையில் அந்தச் சைக்கிள் பயணம். தெருமுனை வரை ஆயாவின் குரல் கூடவே வரும்: "பொட்டப்புள்ள அம்மாந்தூரம் போவுதே, பாத்துப் போ பாப்பா." நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து ஆர்ச்சுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று குறையும். எதிரே இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் சைக்கிள் கூட்டம். அதில் அப்பா இருந்தால் மணியை இரண்டு முறை அடிப்பார். நிற்க மாட்டார். நானும் நிற்க மாட்டேன். முகம் முழுக்கக் கரித்தூசியோடு எதிரே போகிற அவருக்கும், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு உள்ளே போகிற எனக்கும் இடையில் அந்த இரண்டு மணியொலி. இங்கே என் அலுவலகத்துக்குப் போகத் தனியாக ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது, வழவழவென்று, குழி இல்லாமல். எதிரே வருகிற யாரையும் எனக்குத் தெரியாது.

எங்கள் தமிழய்யா வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "மந்தாரக்குப்பம்?" "உள்ளேன் ஐயா." "தாண்டவன்குப்பம்?" "உள்ளேன் ஐயா." "வடக்குத்து?" அந்த 'க்கு'வில் ஓர் அழுத்தம் கொடுப்பார்; ஏதோ பெரிய பட்டணத்தின் பெயரைச் சொல்வதுபோல் இருக்கும். டவுன்ஷிப் பெண்களை வட்டத்தின் எண்ணைச் சொல்லி அழைப்பார். எண்களுக்கு நடுவே எங்கள் ஊர்ப் பெயர்கள் எழுந்து நின்றன. மழை பெய்து வகுப்புக்குப் பாதிப் பேர் வராத நாட்களில் பாடம் நடத்தமாட்டார். வடலூர்க் கதை சொல்வார். வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையாததைச் சொல்வார். முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அந்த வடலூருக்கு வந்து ஏழைப் பிள்ளைகளுக்காகக் குருகுலப் பள்ளிக்கூடம் அமைத்ததைச் சொல்வார். "சோறு போட்டா ஒரு வேளை பசி போவும்மா. அதுக்கப்புறம்?" என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்.

நெய்வேலியில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பிறந்து வளர்ந்த வீடு, நட்ட மா மரம், வாசல் படியில் பிள்ளையின் உயரம் குறித்த கோடு, எதுவும் சொந்தமில்லை. அப்படி வெளியே வந்தவர்கள் இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். தமிழய்யாவும் அப்படி ஆர்ச்சைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். நான் ஊருக்குப் போன ஒரு விடுமுறையில் அவரைப் போய்ப் பார்த்தேன். கண்பார்வை மங்கியிருந்தது. "ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "வடக்குத்து?" என்றார். "உள்ளேன் ஐயா" என்றேன். அவர் இப்போது இல்லை. என்னை அந்தப் பெயரில் கூப்பிட இனி ஒருவரும் இல்லை.

நான் பள்ளி முடித்தது 1998-இல். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி தொடங்கியதும் அந்த ஆண்டுதான். ஒரு நிலக்கரி நிறுவனம் ஊருக்குப் புத்தகத் திருவிழா நடத்துகிறது என்பதன் அருமை அன்று எனக்குப் புரியவில்லை; இத்தனை ஊர்களைப் பார்த்த பிறகு புரிகிறது. அப்பா முதல் ஷிப்ட் முடித்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு கடையிலும் புத்தகத்தை எடுத்து, புரட்டி, எடுத்த இடத்திலேயே நேராக வைத்தார். கடைசியில் எனக்கு ஓர் அகராதி வாங்கித்தந்தார். அது இங்கே என் மேசையில் இருக்கிறது. இப்போது எந்தச் சொல்லையும் அதில் தேடவேண்டியதில்லை, போனிலேயே வந்துவிடுகிறது. அகராதி இருக்கிறது.

மேல்படிப்பென்றால் எங்களுக்கு இருந்த திசைகள் கொஞ்சம். கடலூர்ப் பெரியார் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி, சிதம்பரம். நான் சிதம்பரம் போனேன். வடலூரில் பேருந்து மாறி, நெல் வயலுக்கு நடுவே போகும் அந்தப் பாதையில், 1929-இல் உண்டான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு. நிலவியல் படித்தேன். எங்கள் காலடியில் என்ன இருக்கிறது, அதற்காக ஏன் இத்தனை ஊர்களைக் காலி செய்ய வைத்தார்கள் என்று அறிகிற ஆசை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை ராவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும் என்று பேராசிரியர் படம் போட்டு விளக்கியபோது, எங்கள் ஊர்க் கிணறுகள் ஏன் வற்றின என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "இது எங்களுக்குத் தெரியாதா பாப்பா" என்றார். 1979-இலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய தொலைதூரக் கல்வியில் சேர்ந்து, ஷிப்டுக்கு ஷிப்ட் இடையில் படித்துப் பட்டம் வாங்கிய சுரங்கத் தொழிலாளிகளை எனக்குத் தெரியும். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், சாமி படத்துக்குப் பக்கத்தில். வேலை உயர்ந்ததா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போது தம்பி சொல்வதைக் கேட்டால் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் மட்டும் ஐந்தாறு நிறத்தில் பள்ளி வேன்கள். மஞ்சள் வேன் ஒரு பக்கம், நீல வேன் ஒரு பக்கம். மெட்ரிக், சிபிஎஸ்இ, அதற்குள்ளும் நாலாயிரம் கட்டுகிற பள்ளி, நாற்பதாயிரம் கட்டுகிற பள்ளி. தெருவில் சேர்ந்து விளையாடுகிற பிள்ளைகள் விடிந்ததும் வேறு வேறு வேனில் ஏறி வேறு வேறு உலகத்துக்குப் போகிறார்கள். எந்த வேனிலும் ஏறாமல் நடந்து போகிறவை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். டவுன்ஷிப்புக்குள்ளும் நிலைமை மாறிவிட்டது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வு பெறப் பெற அந்த வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போகின்றன. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். தம்பி மகளிடம், "உன் பெஞ்சுல யாரெல்லாம் இருக்காங்கடா?" என்று கேட்டேன். "எல்லாம் நம்ம மாதிரிதான் அத்தை" என்றாள். நல்ல பதிலாகத்தான் சொன்னாள் குழந்தை. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இங்கே பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கும் பெரிதாக இல்லை. குளிர்காலத்தில் வகுப்பறை கதகதப்பாக இருக்கிறது, புத்தகம் கொடுக்கிறார்கள், நீச்சல் கற்றுத்தருகிறார்கள். ஆனால் இந்த மாநிலத்தில் நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பத்து வயதில், பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களின் பள்ளி ஒன்று, கைத்தொழிலுக்குப் போகிறவர்களின் பள்ளி ஒன்று என்று. பிறகு மாறிக்கொள்ளவும் வழி உண்டு, சேர்ந்து படிக்கிற பள்ளிகளும் உண்டு. என்றாலும் என் மகள் நாலாம் வகுப்பு முடித்த கோடையில், அவளுடைய தோழி, துருக்கிக்காரத் தொழிலாளியின் மகள், வேறு பள்ளிக்குப் போனாள். இரண்டும் கட்டிக்கொண்டு அழுதன. நான் அந்த இடத்தில் நின்றுகொண்டு நெய்வேலியில் ஒரு மர பெஞ்சை நினைத்துக்கொண்டிருந்தேன். டூரனுக்குப் பக்கத்திலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்தான், ஹம்பாக் என்று பெயர். நெய்வேலியில் பார்த்த அதே சக்கர வாளி எந்திரங்கள். சொல்லப்போனால் நெய்வேலிக்கு அவை வந்ததே இந்த நாட்டிலிருந்துதான். அந்த எந்திரத்தைப் பார்க்கப் போன முதல் நாள் எனக்கு ஊருக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் திரும்பி யாரிடமாவது "எங்கப்பா இதும்பக்கத்துலதான் வேலை செஞ்சாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

எங்கள் பக்கம் படிப்பில் பின்தங்கிய பக்கம் என்று பெயர் வாங்கியது. தேர்ச்சிப் பட்டியல் வரும்போதெல்லாம் வட மாவட்டங்களை அடியில்தான் தேடவேண்டியிருக்கும். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 78 விழுக்காடு, மாநிலத்தின் சராசரிக்குக் கீழே. ஆனால் பிள்ளைகளுக்கு ஆசை குறைவில்லை, அறிவும் குறைவில்லை. வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1,200-க்கு 1,176 வாங்கினாள். 2017-இல் நீட் வந்து அந்த மதிப்பெண்ணை மருத்துவப் படிப்புக்கு உதவாததாக்கியது. அந்தப் பிள்ளை போய்விட்டாள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே மண், ஒரே சோளம், ஒரே பேச்சு. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது நல்ல காரியம். அதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு அழுகைதான் வந்தது.

நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் படித்துவிட்டால் வேலை கிடைக்கும் என்றுதான் எங்கள் தலைமுறைக்குச் சொல்லி வளர்த்தார்கள். 2022-இல் நெய்வேலி நிறுவனத்தின் 299 பட்டதாரிப் பொறியாளர் பணிக்கான பட்டியல் வந்தபோது, அதில் தமிழ்நாட்டவருக்கு இடமில்லை என்று பல கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 'கேட்' மதிப்பெண்ணை வைத்து எடுத்த பட்டியல் அது. அந்தத் தேர்வுக்குப் படிக்கப் பயிற்சி மையமும் பணமும் வேண்டும். அவை ஆர்ச்சுக்கு இந்தப் பக்கம் இல்லை. மறு ஆண்டு ஜூலையில் வளையமாதேவி என்ற ஊரில் கதிர் வைக்கிற நெல் வயலுக்குள் அதே நிறுவனம் எந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வயல் ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்ததாக என் நினைவு. ஒருவேளை அந்தப் படத்தில் அப்படி யாரும் இல்லாமலும் இருக்கலாம். என் மனம் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதற்கு ஈடாக முதலில் கொடுத்திருக்க வேண்டியது அவளுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம், அதற்கப்புறம் ஒரு கல்லூரி, அதற்கப்புறம் வேலை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அப்பா போய்விட்டார். அம்மாவின் விரல்களில் இப்போது தோல் திரும்ப வளர்ந்திருக்கிறது. முந்திரி உடைப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. வீடியோவில் கையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். "என்னாத்துக்குடி கையைப் பாக்கற?" என்பார். நான் பதில் சொல்வதில்லை.

இதைப் படிக்கிற உங்களில் ஆர்ச்சுக்குள் படித்தவர்கள் இருப்பீர்கள். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஒரு பெஞ்சு நினைவிருக்கும், அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பிள்ளையும் நினைவிருக்கும். இன்றைக்கு வடக்குத்திலும் மந்தாரக்குப்பத்திலும் அரசுப் பள்ளிகள் நடக்கின்றன. அவற்றின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டத்தின் வழியே வெளிநாட்டிலிருந்தும் பள்ளிக்கு வேண்டியதைச் செய்யலாம். அடுத்த முறை ஊருக்குப் போனால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதோடு நிறுத்தாமல் அங்கேயும் போங்கள். உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரையாவது அந்தப் பள்ளியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் என் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை.